வயிற்றுக்குள் ரத்தம் ஓடுகிறது: தாலுகாவிலேயே திறப்பதா, மதுரைக்கு ஏற்றிவிடுவதா?

தாலுகா சர்ஜன் (இழையைத் தொடங்கியவர்)

மதுரையைச் சுற்றியுள்ள ஒரு தாலுகா மருத்துவமனையில் பொது அறுவைச் சிகிச்சை பார்க்கிறேன். நாலுவழிச் சாலைக்குப் பக்கம் என்பதால் விபத்துக் கேஸ் வராத ராத்திரி குறைவு. நெடுநாளாக மனதில் கிடக்கும் கேள்வியை இங்கே வைக்கிறேன். டாக்டர்கள் மட்டுமல்ல, 108-ல் வேலை பார்ப்பவர்கள், செவிலியர்கள், அடிபட்ட சொந்தக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், எல்லாரும் சொல்லுங்கள்.

கேஸ் இப்படி வைத்துக்கொள்வோம். 25 வயதுப் பையன். இருட்டில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லரில் பைக்கை மோதியிருக்கிறான். நினைவு இருக்கிறது, பெயர் சொல்கிறான். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்து, தண்ணீர் கேட்கிறான். நாடி 130, மேல் பி.பி. 84. ஃபாஸ்ட் ஸ்கேன் (வயிற்றில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) வைத்தால் மண்ணீரலைச் சுற்றியும் அடிவயிற்றிலும் கறுப்பாகத் தெரிகிறது. தலையில் அடி இல்லை. உள்ளே ரத்தம் ஓடுகிறது, சந்தேகமே இல்லை.

மதுரை அரசு பெரியாஸ்பத்திரிக்கு 40 கிலோமீட்டர். வண்டி ஏற்றி, அங்கே இறக்கி, டேபிளில் கிடத்த ஒன்றரை மணி நேரமாவது ஆகும். என்னிடம் தியேட்டர் இருக்கிறது. அனஸ்தீசியா டாக்டர் கூப்பிட்டால் வருவார். ரத்த சேமிப்பு அறையில் நாலு யூனிட் இருந்தால் பெரிய விஷயம். வென்டிலேட்டர் உள்ள ஐ.சி.யூ. கிடையாது.

படிக்கும்போது "உன்னால் முடியாததைத் தொடாதே, அனுப்பு" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இப்படி அனுப்பியவர்களில் சிலர் வழியிலேயே போய்விடுகிறார்கள். ரத்தம் ஓடுகிறவனுக்கு முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அதை நிறுத்தக்கூடிய ஆள் 40 கிலோமீட்டருக்கு முன்னாலேயே நிற்கும்போது, ஏன் அவன் கையைக் கட்டிக்கொண்டு ரெஃபரல் சீட்டு எழுத வேண்டும்? முழு ஆபரேஷன் செய்யச் சொல்லவில்லை. திறந்து, மண்ணீரலை கிளாம்ப் போட்டு எடுப்பது, கல்லீரல் என்றால் மாப் (ரத்தத்தை உறிஞ்சும் ஆபரேஷன் துணி) வைத்து அழுத்துவது, தோலை மட்டும் தைத்து அனுப்புவது. 1993-ல் பிலடெல்பியா டாக்டர்கள் டேமேஜ் கன்ட்ரோல் என்று எழுதினார்களே, அதன் முதல் படி மட்டும். இது தாலுகாவில் நடக்குமா, நடக்காதா?

மதுரை கேஷுவாலிட்டி

சார், நான் எதிர்க்கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வயிறு மூடியிருக்கும்வரை உள்ளே கட்டிய ரத்தமே ஓரளவு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிடோனியத்தை, அதாவது வயிற்றின் உள்சவ்வை, திறந்த அடுத்த நிமிடம் அந்த அழுத்தம் போய்விடும். பி.பி. 84-ல் இருந்தது 40 ஆகும். உங்கள் நாலு யூனிட் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மண்ணீரல் மட்டும்தான் என்று நினைத்துத் திறப்பீர்கள், பின்னால் கல்லீரல் சிரை (பெரிய ரத்தக்குழாய்) கிழிந்திருக்கும். அப்போது மூடவும் முடியாது, அனுப்பவும் முடியாது.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? நெற்றிக் காயத்துக்கு அழகாகத் தையல். கை, கால், நெஞ்சு மூன்றுக்கும் எக்ஸ்ரே. வழியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நிறுத்தி எடுத்த சி.டி. ஃபிலிம். மூன்று லிட்டர் சலைன், அதுவும் ஏ.சி. அறை அலமாரியில் இருந்து அப்படியே எடுத்து ஏற்றியது. பையன் உடம்பு 34 டிகிரி. ரத்தம் உறையவே மாட்டேன் என்கிறது. ஊசி குத்திய இடத்திலிருந்தெல்லாம் கசிகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நாம்தான் தின்றுவிட்டோம்.

பத்து நிமிடத்தில் அனுப்புங்கள். பெரிய ஊசி இரண்டு, ரத்தக்கட்டி கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், கம்பளி, ஒரு போன். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சலைன் ஒரு லிட்டரைத் தாண்டவே கூடாது. விபத்துச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பாடத்திலேயே முன்பு இரண்டு லிட்டர் என்று இருந்ததை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

தாலுகா சர்ஜன்

பத்து நிமிடத்தில் அனுப்புவது சரி. எக்ஸ்ரே, தையல், ஸ்கேன் சென்டர் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்தபிறகு எடுக்கும் ஒவ்வொரு படமும் நோயாளியின் கணக்கில் கழிகிறது.

ஆனால் நான் கேட்பது, அந்த ஒரு லிட்டருக்கும் முதல் யூனிட் ரத்தத்துக்கும் பி.பி. ஏறவே ஏறாத பையனைப் பற்றி. ஏறி நிற்கிறவனை நானும் உடனே ஏற்றிவிடுவேன். ஏறாதவன் உங்கள் டேபிள்வரை வரமாட்டான். அவனைப் பற்றிச் சொல்லுங்கள்.

அனஸ்தீசியா டாக்டரம்மா

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள், அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

இந்த மாதிரி நோயாளியின் பி.பி.யைத் தாங்கிக்கொண்டிருப்பது அவனுடைய பயமும் வலியும் சுருங்கிய ரத்தக்குழாயும்தான். மயக்க மருந்து கொடுத்ததும் அது அத்தனையும் தளர்ந்துவிடும். பல "டேபிள் டெத்" கத்தி வைக்கும் முன்பே, மூச்சுக்கு ட்யூப் போட்ட அந்த இரண்டு நிமிடத்தில் நடக்கிறது. அதனால் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதம்: வயிற்றுக்கு மருந்து தடவி, துணி போர்த்தி, சர்ஜன் கையுறையோடு கத்தியைக் கையில் பிடித்து நின்ற பிறகுதான் மயக்கம் கொடுப்பேன். கெட்டமின், அதுவும் வழக்கமான அளவில் பாதி. ரத்தம் ஏறிக்கொண்டிருக்க வேண்டும், தொங்கினால் போதாது.

அடுத்தது குளிர். சித்திரை வெயிலில் குளிரா என்று கேட்பார்கள். ரத்தத்தில் நனைந்த சட்டையோடு ரோட்டில் அரை மணி நேரம் கிடந்தவனை, ஈரத்தோடேயே ஏ.சி. தியேட்டரில் கொண்டுவந்து போட்டால் உடம்புச் சூடு விறுவிறுவென்று இறங்கும். 35-க்குக் கீழே போனால் ரத்தம் உறையும் வேகம் குறைகிறது. உறையாவிட்டால் இன்னும் ஓடுகிறது, ஓடினால் அமிலம் ஏறுகிறது, அமிலம் ஏறினால் இன்னும் உறையாது. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஈரத்துணியை வெட்டி எறியுங்கள், தியேட்டர் ஏ.சி.யை அணையுங்கள், சர்ஜனுக்கு வேர்க்கட்டும். டிரிப்ஸ் பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்து வெதுவெதுப்பாக்கி ஏற்றுங்கள்.

நாலாவதாக கால்சியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப் பையில் உறையாமல் இருக்கப் போட்ட சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று யூனிட் ஏறிவிட்டால் கால்சியம் குளுக்கோனேட் கொடுக்காமல் விடாதீர்கள். அது இல்லாமல் இதயமும் சரியாகச் சுருங்காது, ரத்தமும் உறையாது.

தாலுகாவில் திறக்கலாமா என்றால், என் பதில்: திறந்தபிறகு 40 கிலோமீட்டர் அவனோடு வண்டியில் யார் போவார்கள் என்று முதலில் சொல்லுங்கள். ட்யூப் போட்ட நோயாளியை ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் கொடுத்து அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) அமுக்கச் சொல்லி அனுப்புவதாக இருந்தால் திறக்கவே வேண்டாம். நானே ஏறி வருவதாக இருந்தால் திறக்கலாம்.

லேபர் வார்டு சிஸ்டர்

டாக்டர்கள் பேசும் இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். டிரானெக்சாமிக் ஊசி கேஷுவாலிட்டியில் ஸ்டாக் இல்லை என்று விபத்து நோயாளியை அப்படியே அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதே கட்டடத்தில் எங்கள் லேபர் வார்டு ட்ரேயில் அந்த ஊசி எப்போதும் இருக்கும். பிரசவ ரத்தப்போக்குக்கு நாங்கள் போடுவதும் அதே மருந்துதான். எழுந்து வந்து கேட்டால் போதும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் சீமாங்க் சென்டர் என்று வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய சர்ஜன், அனஸ்தீசியா, ரத்தம் மூன்றையும் ஒரே இடத்தில் தயாராக வைத்தோம். அம்மாக்கள் ரத்தப்போக்கில் சாவது குறைந்ததற்கு அதுவும் காரணம். பிரசவத்தில் ரத்தம் நிற்காத அம்மாவை "மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்று வெறும் கையோடு இப்போது யாரும் அனுப்புவதில்லை. பலூன் வைத்து, அடைத்து, மருந்து போட்டு, கூட ஒரு ஆளை ஏற்றித்தான் அனுப்புகிறோம். விபத்தில் ரத்தம் ஓடுகிறவனுக்கு மட்டும் ஏன் அதே தியேட்டர் கதவு திறக்கவில்லை?

தாலுகா சர்ஜன்

சிஸ்டர், நான் இத்தனை பத்தியில் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். டிரானெக்சாமிக் மருந்துக்கான ஆதாரத்தையும் சேர்த்துவிடுகிறேன், இளையவர்கள் படிக்கட்டும். 2010-ல் வந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துச் சொச்சம் காயப்பட்டவர்கள். நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் காக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று மணி நேரம் கடந்தால் பலனில்லை, கெடுதலும் வரலாம். அதனால் அடிபட்ட நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். முதல் கிராம் பத்து நிமிடத்தில், அடுத்த கிராம் எட்டு மணி நேரம் முழுக்க மெதுவாக.

ரத்தவங்கி மதுரை

சேமிப்பு மையங்களில் இருப்பது பெரும்பாலும் சிவப்பணுப் பை மட்டும். அதில் உறையவைக்கும் பொருள் கிடையாது. பிளாஸ்மாவை மைனஸ் 30 டிகிரியில் வைத்திருந்து, 37 டிகிரி தண்ணீரில் உருக்கிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். தட்டணு (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மையங்களில் இப்போது சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கொடுக்கிறார்கள். 2015-ல் வந்த ப்ராப்பர் ஆய்வில் 680 பேரைப் பார்த்தபோது, அப்படிக் கொடுத்தவர்களில் முதல் நாளிலேயே ரத்தம் போய் இறந்தவர்கள் குறைவு.

தாலுகாவில் இதைச் செய்ய முடியாது. ஆனால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளியை ஏற்றும் முன் மாதிரி ரத்தம் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, வண்டியிலேயே கொடுத்து அனுப்புங்கள். குரூப் என்ன என்று போனில் சொல்லுங்கள். வண்டி வந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் பிளாஸ்மாவை உருக்கத் தொடங்கிவிடுவோம். குரூப் பார்க்கக்கூட நேரமில்லை என்றால் ஆண்களுக்கு ஓ பாசிடிவ் கொடுங்கள். நம் ஊரில் ஓ நெகடிவ் மிக அரிது, அதைக் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் விட்டுவைக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்தபிறகு வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்து பத்துப் பேர் ஓடிவருகிறீர்கள், அந்த மனது பெரியது. ஆனால் அப்போது எடுக்கும் ரத்தத்தைப் பரிசோதித்துக் கொடுக்க மணிக்கணக்காகும். அன்றைக்கு ராத்திரி பிழைக்கிறவன், போன வாரம் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைக்கிறான். சும்மா இருக்கும் நாளில் வாருங்கள். கல்லூரி லீவு விடும் மே மாதம் அலமாரி காலியாகிவிடும்.

108 இ.எம்.டி.

வணக்கம். 108 வண்டியில் நோயாளியோடு வரும் டெக்னீஷியன் நான். இவ்வளவு பேர் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது, எங்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ரெஃபர் கேஸ் ஏற்றப் போனால் சீட்டில் "மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டார்கள், பி.பி. எவ்வளவு இருந்தது, ஒன்றும் இருக்காது. அங்கே இறக்கும்போது டாக்டர் எங்களைக் கேட்பார். நாங்கள் சொந்தக்காரரைக் கேட்போம். அவர் அழுதுகொண்டிருப்பார்.

வழியில் சண்டையும் நடக்கும். "எங்க மாமா ஒரு ஆஸ்பத்திரி சொல்றார், அங்க விடுங்க" என்பார்கள். அங்கே சர்ஜன் இருக்கிறாரா, தியேட்டர் திறந்திருக்கிறதா என்று அந்த மாமாவுக்கும் தெரியாது. அங்கே அரை மணி நேரம் நின்று, "இங்க முடியாது" என்று சொன்னபிறகு மறுபடி கிளம்புவோம்.

அப்புறம் ரோடு. நாலுவழிச் சாலையில் 30 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் வந்துவிடலாம், ஊருக்குள் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் மாட்டிக்கொள்வோம். கோரிப்பாளையம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பக்கம் முழுக்க ஜனம். அன்றைக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று முன்னாலேயே போலீசோடு பேசிவைத்துவிட்டால் தடுமாற்றம் இல்லை. நம்முடைய பைலட் (வண்டி ஓட்டும்) அண்ணன்களுக்குச் சந்து பொந்தெல்லாம் அத்துபடி.

இடுப்பெலும்பு உடைந்தவர்களை ஏற்றும்போது ஒன்று கவனியுங்கள். பைண்டர் (இடுப்பை இறுக்கிக் கட்டும் பட்டை) இல்லை என்று சும்மா விட வேண்டாம். வேட்டியையோ பெட்ஷீட்டையோ அகலமாக மடித்து, தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருக்குமே, அந்த மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பலர் தொப்புள் பக்கமாக மேலே கட்டிவிடுகிறார்கள், அது எலும்பைச் சேர்க்காது. இடுப்புக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

உசிலைக்காரன்

நான் டாக்டர் இல்லை. என் மச்சானைக் கொண்டு அலைந்தவன். தென்னை மரத்தில் இருந்து விழுந்து வயிற்றிலும் விலாவிலும் அடி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். முதலில் முன்பணம், அப்புறம் ஸ்கேன், அப்புறம் "பெரிய டாக்டர் வருகிறார்". விடியும் நேரத்தில் "மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். பிழைத்துவிட்டான், கடவுள் புண்ணியம். ஆனால் அந்த ராத்திரி எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. எங்கே போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், போலீஸ் வந்தால்தான் பார்ப்பார்களா, பணம் இல்லாவிட்டால் பார்ப்பார்களா? உங்களைப் போன்றவர்கள் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

லேபர் வார்டு சிஸ்டர்

அண்ணே, கேட்டதற்கு நன்றி.

போலீசுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் பொருந்தும். எம்.எல்.சி. (போலீசுக்கான மருத்துவப் பதிவு) எழுதுவது மருத்துவமனையின் வேலை, அதைச் சிகிச்சையோடு சேர்த்தே செய்யலாம். ரோட்டில் கிடந்தவரைத் தூக்கிவந்த ஆளும் பயப்பட வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவிக்கு வந்தவர் மீது வழக்குப் போடக் கூடாது என்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

சாலை விபத்து என்றால், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. வெளிமாநிலத்துக்காரர் நம் சாலையில் அடிபட்டாலும் உண்டு. உங்கள் மச்சான் மரத்திலிருந்து விழுந்தவர் என்பதால் இது பொருந்தாது, அவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் வழி.

எங்கே போவது என்றால் 108-ஐக் கூப்பிட்டு, "தியேட்டரும் சர்ஜனும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது" என்று அவர்களையே கேளுங்கள். அதுவரை: ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள், ஆபரேஷன் டேபிளில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் அக்குளிலும் பிடித்துத் தூக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே கோடாக இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து பலகையிலோ கட்டிலிலோ மாற்றுங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது.

வாடிவாசல் டியூட்டி

நான் பொங்கல் சமயத்தில் ஜல்லிக்கட்டு மருத்துவக் குழுவில் இருந்தவன். இந்த விவாதத்துக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கொம்புக் காயம் வெளியே பார்த்தால் ஏமாற்றும். தொடையில் இரண்டு ரூபாய் காசு அளவு ஓட்டை, ரத்தம் கூட அதிகமில்லை. விரலை விட்டால் மணிக்கட்டுவரை உள்ளே போகிறது. மாடு குத்தியபின் தலையைச் சிலுப்பும், அதனால் ஒரே வாசலில் இருந்து உள்ளே இரண்டு மூன்று திசைகளில் சுரங்கம் ஓடியிருக்கும். ஒன்று தொடைத் தமனிக்குப் பக்கம், ஒன்று அடிவயிற்றுக்குள். உள்ளே வாடிவாசல் மண், சாணம், டிரவுசர் துணித்துணுக்கு. இதை வெளியே இரண்டு தையல் போட்டு மூடினால் மூன்றாம் நாள் கால் அழுகும். தியேட்டரில் மயக்கம் கொடுத்து, ஒவ்வொரு சுரங்கத்தையும் கடைசிவரை திறந்து, செத்த தசையை வெட்டி, லிட்டர் கணக்கில் கழுவி, திறந்தே விட்டு, சில நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் தைப்பது. டெட்டனஸ் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, சலைனில் நனைத்த துணியால் மூடி அனுப்ப வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று இடத்திலும் அந்த நாட்களில் மைதானத்திலேயே டாக்டர்கள், வரிசையாக ஆம்புலன்ஸ். பெரியாஸ்பத்திரியில் முன்கூட்டியே தியேட்டரும் ரத்தமும் ஒதுக்கிவைக்கிறோம். வண்டி கிளம்பும்போதே என்ன காயம் என்று போன் போகிறது. அடிபட்டவன் வரும்போது எல்லாரும் கையுறையோடு நிற்கிறார்கள். மோசமான காயங்களோடு வந்தும் பலர் எழுந்து போகிறார்கள். காரணம், யார் என்ன செய்வது என்று முந்தின நாளே பேசிமுடித்திருக்கிறோம். இதையே நாலுவழிச் சாலைக்கும் செய்யலாம். அங்கேயும் அடிபடப்போகிறவர்கள் வருவார்கள் என்று நமக்கு நன்றாகத் தெரியும்.

தலைக்காயம்

நியூரோ பக்கத்தில் இருந்து ஒரு எச்சரிக்கை. "பி.பி.யைக் குறைவாகவே வைத்திரு, 80, 90 போதும்" என்பது வயிறு, நெஞ்சுக் காயத்துக்கு, அதுவும் ரத்தம் நிறுத்தும்வரை. தலையிலும் அடி இருந்தால் அந்த விதி செல்லாது. மேல் பி.பி. 100, 110-க்குக் கீழே போனால் வீங்கிய மூளைக்கு ரத்தம் போகாது. ஒருமுறை இறங்கினால்கூடப் பாதிப்பு தங்கிவிடும்.

தலையும் வயிறும் சேர்ந்து அடிபட்டு பி.பி. விழுந்துகொண்டிருந்தால் சி.டி.க்கு ஓடாதீர்கள். பெரியவர்களுக்குத் தலைக்காயத்தால் மட்டும் பி.பி. விழுவது அரிது, வேறு எங்கோ ரத்தம் போகிறது. முதலில் வயிறு. அதே டேபிளில், தேவைப்பட்டால் நான் தலைப்பக்கம் நிற்கிறேன். ஹெல்மெட் போடாமல் வந்து, விழுந்து எழுந்து, "ஒன்றுமில்லை" என்று டீ குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் உளறத் தொடங்கும் ஆளை மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாலுகாவில் வைக்காதீர்கள். எக்ஸ்ட்ராடூரல், அதாவது மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் சேரும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். சரியான நேரத்தில் எடுத்தால் வீட்டுக்கு நடந்து போவார்.

பி.ஜி. மாணவி

சீனியர்களிடம் ஒரு சந்தேகம். தொடை வழியாக மகாதமனிக்குள் பலூன் விட்டு ஊதினால் கீழே போகும் ரத்தம் நிற்கும் என்கிறார்களே, ரெபோவா, அதை வைத்துக்கொண்டு தாலுகாவிலிருந்து அனுப்ப முடியாதா?

மதுரை கேஷுவாலிட்டி

படிக்க நன்றாக இருக்கும் அம்மா. 2023-ல் பிரிட்டனில் 90 பேரை வைத்து நடந்த ஆய்வில், பலூன் வைத்தவர்கள் பக்கம்தான் இறப்பு அதிகம். அங்கேயே அப்படி என்றால், ஊதிய பலூனோடு 40 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார். அதற்குள் கீழே குடலும் காலும் செத்துவிடும். ஐ.சி.டி. (நெஞ்சுக்குள் வைக்கும் வடிகுழாய்) போடுவது, கழுத்து வழியே மூச்சுக்கு வழி செய்வது, இடுப்புக் கட்டு, நெஞ்சுக்குள் அடைத்த காற்றை ஊசியால் வெளியேற்றுவது, இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகிக்கொள். நெஞ்சில் அடிபட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு ட்யூப் போதும், கத்தியே தேவைப்படாது.

தாலுகா சர்ஜன்

எல்லாம் படித்தேன். இனி மனதில் இருக்கும் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா சர்ஜன் திறக்கத் தயங்குவதற்கு ரத்தம் மட்டும் காரணமில்லை. அனுப்பி வழியில் இறந்தால் அது விதி. திறந்து டேபிளில் இறந்தால் அது டாக்டர் செய்த கொலை. வெளியே ஊரே நிற்கும். மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-ல் சட்டம் போட்டார்கள், ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கூட்டத்தின் முன் நிற்பது நானும் ஒரு வாட்ச்மேனும்தான். திறக்கும் முன் வீட்டுக்காரர்களில் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டு, ஸ்கேன் திரையைக் காட்டி, "இது ரத்தம், இப்போது திறந்தாலும் போகலாம், அனுப்பினால் வழியில் போகும் வாய்ப்பு அதிகம்" என்று நேராகச் சொல்வது எனக்கு உதவியிருக்கிறது. மக்களுக்குப் புரிகிறது. மறைத்துப் பேசினால்தான் கொதிக்கிறார்கள்.

மதுரை டாக்டர், ஒரு லிட்டருக்கும் ஒரு யூனிட் ரத்தத்துக்கும் பி.பி. ஏறாதவன், உங்கள் டேபிளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம், அனஸ்தீசியா டாக்டர் கட்டடத்திலேயே இருக்கிறார், அவரே வண்டியில் வருவார். இந்த நாலும் சேர்ந்தால்?

மதுரை கேஷுவாலிட்டி

அந்த நாலும் சேர்ந்தால் திறங்கள் சார். என் பேச்சில் இருந்து இறங்கி வருகிறேன். ஒன்று குறைந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

திறந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள். நாலு மூலையிலும் மாப் வைத்து அழுத்துங்கள், அனஸ்தீசியா அம்மா ரத்தம் ஏற்றி எட்டிப்பிடிக்கட்டும். மண்ணீரல் என்றால் எடுத்துவிடுங்கள், தாலுகாவில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். கல்லீரல் என்றால் மேலும் கீழும் அடைத்துவிட்டுத் தொடாதீர்கள். குடல் கிழிந்திருந்தால் இரண்டு முனையையும் நாடாவால் கட்டுங்கள், சேர்க்க வேண்டாம். தோலை மட்டும் தையுங்கள். கத்தி வைக்கும்போதே எங்களுக்கு போன் வர வேண்டும், தியேட்டர் காலியாக்கி வைப்போம். 24 முதல் 48 மணி நேரத்தில் நாங்கள் மறுபடி திறந்து மாப்பை எடுப்போம்.

மண்ணீரல் எடுத்த பையனுக்கு நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டும். காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினால் மட்டும் போதாது, அவன் அம்மாவிடமும் சொல்லிவிடுவோம்.

108 இ.எம்.டி.

டாக்டர், மாப் உள்ளே எத்தனை இருக்கிறது என்பதை எங்களிடம் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். வண்டியில் ஆள் மாறும், சீட்டு தொலையும்.

அனஸ்தீசியா டாக்டரம்மா

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. சர்ஜன் சார், வயிற்றுக் கட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள்: உள்ளே மாப் எத்தனை, எத்தனை மணிக்கு வைத்தது, டிரானெக்சா எத்தனை மணிக்குப் போட்டது, ரத்தம் எத்தனை யூனிட் ஏறியது. அதையே சீட்டிலும் எழுதி, போட்டோ எடுத்து மதுரை டியூட்டி போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டிக் கதவைச் சாத்த வேண்டும்.